தொந்தரவே இல்லாத அம்மா

கேள்வி:

டாக்டர், என் அம்மாவுக்கு 82 வயது. ஒன்பது மாதமாக ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. நான் வேலைக்குப் போய்விட்டால் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால்தான் சேர்த்தோம். இல்லம் சுத்தமாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை. உடம்பில் ஒரு புண் கிடையாது. "உங்க அம்மாவால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லைங்க" என்று அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடந்துகொண்டிருந்தவர்தான். விழுந்துவிடுவார் என்று பயந்து இப்போது சக்கர நாற்காலியிலேயே உட்கார வைக்கிறார்கள். இரவில் மட்டும் போட்ட டயபரைப் பகலிலும் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு மணி நேரம் உட்காருவேன். "சாப்பிட்டியாம்மா? மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்பேன். "எல்லாம் நல்லா இருக்கு" என்பார். அப்புறம் இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம். ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் புரூஃப் பார்த்தவர் அவர். வீட்டில் இருந்தவரை செய்தித்தாளில் பிழை கண்ணில் பட்டால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடாமல் விடமாட்டார். இப்போது பேப்பரை மடியில் வைத்தால் வைத்தபடியே கிடக்கிறது. வேறு இல்லத்துக்கு மாற்றவா? வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே கூட்டி வந்துவிடவா? இருக்கிற இடத்திலேயே அவர் நன்றாக இருக்க நான் ஏதாவது செய்ய முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"ஒரு தொந்தரவும் இல்லைங்க" என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் மனம் பதைக்கும். முதியோர் மருத்துவராகப் பல வருடங்களாக இப்படிப்பட்ட இல்லங்களுக்குப் போய்வருகிறேன். சத்தம் போடுகிறவர்கள், மாத்திரையைத் துப்புகிறவர்கள், வீட்டுக்குப் போகணும் என்று வாசலில் வந்து நிற்கிறவர்கள், இவர்களிடம் யாராவது ஒருவர் போய் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுவார்கள். தொந்தரவு தராதவரின் கட்டிலைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் தாண்டிப் போயிருக்கிறேன். அதனால் எந்த இல்லத்துக்குப் போனாலும் இங்கே ரொம்ப அமைதியானவர் யார் என்று கேட்டு அவரிடம்தான் முதலில் உட்காருகிறேன். உங்கள் அம்மா இருக்கும் இல்லத்துக்கு வந்திருந்தால் அவரிடம் போயிருப்பேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, மடியில் வைத்த பேப்பர் வைத்தபடியே கிடக்கிறது என்பது. முப்பது வருடம் எழுத்தைப் பார்த்தே பழகிய கண்கள் அவை. மனம் விட்டுப்போய்விட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அங்கே போவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அம்மாவால் இப்போது அந்த எழுத்தைப் படிக்க முடிகிறதா? கண்ணாடியின் பவர் கடைசியாக எப்போது பார்த்தது? கண்புரை இருக்கிறதா? கண்ணாடி அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, அலமாரிக்குள் பத்திரமாக இருக்கிறதா? ஒரே அறையில் இருக்கும் இருவரின் கண்ணாடிகள் மாறிப்போய் மாதக்கணக்கில் ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இருவருமே புகார் சொல்லவில்லை, வயசாச்சு, கண் போயிடுச்சு என்று நினைத்துக்கொண்டார்கள். வெளிச்சத்தையும் பாருங்கள். எண்பது வயதுக் கண்ணுக்கு இளைஞர்களைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும். நாற்காலி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்தால் அதைத் திருப்பிப் போடுவதே பாதி வைத்தியம்.

காதையும் அப்படியே பார்க்க வேண்டும். காதில் அழுக்கு அடைத்திருந்தாலே பேச்சு பாதிதான் விழும். பாதி விழுகிற பேச்சுக்கு எல்லாரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: சிரித்துக்கொண்டே "நல்லா இருக்கு." பல் செட் போடுகிறவரா? உடம்பு இளைத்தால் ஈறும் சுருங்கி பல் செட் ஆடும். வாயைத் திறந்தால் நழுவிவிடுமோ என்ற கூச்சத்திலேயே பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு.

வலி இருக்கிறதா என்று உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார். நாற்காலியிலிருந்து எழும்போது, கட்டிலில் புரண்டு படுக்கும்போது முகத்தைப் பாருங்கள். ஆபரேஷன் ஆன இடுப்பு அப்போது தன் கதையைச் சொல்லும். மறதி முற்றி வாய்ப்பேச்சே இல்லாதவர்களுக்குக்கூட மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து வலியை மதிப்பிடும் முறை இருக்கிறது. உங்கள் அம்மா பேசக்கூடியவர். அவரிடம் "இப்ப, எழுந்திருக்கும்போது, எங்க வலிக்குது?" என்று கேட்டால் போதும்.

பிறகு மாத்திரைப் பட்டியல். இதை நீங்கள் கட்டாயம் வாங்கிப் பார்க்க வேண்டும். மார்க் பீர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் முதியோரை மனத்தில் வைத்து, அவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். அது இன்றும் திருத்தித் திருத்திப் பயன்படுகிறது. தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில பழைய மாத்திரைகள், சிறுநீர் அடிக்கடி போகாமலிருக்கக் கொடுக்கும் சில மாத்திரைகள் எல்லாம் வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும், வாயை உலர்த்தும், மலச்சிக்கலைக் கொண்டுவரும், விழவும் வைக்கும். ஆபரேஷன் சமயத்தில் பத்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்த ஒன்று ஒன்பது மாதமாகத் தொடர்வது அபூர்வம் இல்லை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் ஆபத்தான மாத்திரைகளும் உண்டு. மருத்துவரிடம் ஒவ்வொரு மாத்திரையையும் காட்டி "இது எதுக்கு? இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள்.

இதோடு மனச்சோர்வையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய 15 கேள்விகளைக் கொண்ட எளிய பரிசோதனை முதியோருக்கென்றே இருக்கிறது. எண்பது வயதுக்காரர்கள் மனசு சரியில்லை என்று சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. பசிக்கல, தூக்கம் வரல, எதுக்கு இதெல்லாம் என்றுதான் சொல்வார்கள். அது சிகிச்சையில் குணமாகிற நோய். வயதானால் இப்படித்தான் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த மாற்றம் மாதங்களாக மெல்ல வந்தது என்று உங்கள் கடிதத்திலிருந்து நினைக்கிறேன். என்றைக்காவது இரண்டு மூன்று நாளில் திடீரென மந்தமானால், ஆள் மாறிப் பேசினால், பகலெல்லாம் தூங்கினால் அது வேறு. கிருமித்தொற்று, நீர் வற்றுதல், மருந்து என்று உடனே காரணம் தேட வேண்டிய அவசரம் அது.

இனி அந்தச் சக்கர நாற்காலி. நடந்துகொண்டிருந்தவரை உட்கார வைத்ததை என்னால் எளிதாக விட்டுவிட முடியவில்லை. விழக்கூடாது என்ற அக்கறையில்தான் செய்திருப்பார்கள். ஆனால் உட்கார உட்காரத் தொடைத் தசை கரையும். தசை கரைந்தவர் கழிப்பறைக்கு எழும் ஒரு நேரத்தில், பிடிக்க ஆளில்லாத நேரத்தில், விழுவார். 1990இல் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் ஒரு பராமரிப்பு இல்லத்தில், சராசரி வயது 90 இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை வைத்துக் காலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேருக்குக் கால் வலு சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. பத்தே பேர்தான், ஆனால் தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் வளரும் என்பதை அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. உங்கள் அம்மா அவர்களைவிட எட்டு வயது சின்னவர். எலும்பு கூடியிருக்கிறதா என்று பார்த்து, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வாரம் மூன்று முறை வந்தால் நல்லது. வரமுடியாவிட்டால், சாப்பாட்டு மேசைக்கு மட்டுமாவது நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகாமல் வாக்கரில் நடத்திக் கூட்டிப்போகட்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை போய்வந்தாலே ஆறு நடை ஆயிற்று.

டயபரைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். எழுதக் கூச்சமாக இருந்திருக்கும். அம்மாவுக்கு அதைவிடக் கூச்சமாக இருக்கும். சிறுநீர் வருவது தெரிகிறது, சொல்லவும் தெரிகிறது, கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை என்ற நிலையில் பகலில் டயபர் போடுவது, அதிலேயே போய்விடுங்கள் என்று சொல்வதுதான். சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் உடம்பும் கேட்க மறந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை "பாத்ரூம் போலாமா?" என்று கேட்டுக் கூட்டிப்போகும் பழக்கத்தை முதலில் காலை எழுந்ததிலிருந்து மதியம் வரையாவது தொடங்கச் சொல்லுங்கள். இல்லத்தாரிடம் நீங்கள் வைக்கும் கோரிக்கைகளில் இதை முதலாவதாக வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மானம் போன இடத்தில் மனிதருக்குப் பேச்சு வராது.

உடம்பைப் பற்றி இவ்வளவு சொன்னேன். எல்லாம் சரியானாலும் இன்னொன்று மிஞ்சும். அதுதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

அம்மாவின் ஒரு நாளைக் காலையிலிருந்து மனத்தில் ஓட்டிப் பாருங்கள். எழுப்புகிற நேரம் இல்லத்தின் நேரம். குளிக்கிற நேரம் உதவியாளரின் ஷிஃப்ட் நேரம். என்ன புடவை, யாரோ எடுத்து வைத்தது. தட்டில் என்ன, யாரோ முடிவு செய்தது. டிவியில் எந்தச் சேனல், ரிமோட் வைத்திருப்பவருடைய சேனல். எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்பதும் அவர் கையில் இல்லை. இதில் எங்கேயாவது ஓர் இடத்தில் யாராவது உங்கள் அம்மாவின் அபிப்பிராயத்தைக் கேட்டார்களா? இன்னும் ஒரு படி மேலே கேட்கிறேன். இந்த ஒன்பது மாதத்தில் யாருக்காவது உங்கள் அம்மாவிடமிருந்து ஏதாவது தேவைப்பட்டதா?

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு, சினிமா எந்த நாள் பார்ப்பது என்பது உங்கள் விருப்பம், இந்தச் செடிகளில் வேண்டுமானால் ஒன்றை எடுத்துக்கொண்டு நீங்களே வளருங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில், உங்களை நன்றாக வைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்றார்கள். அவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவது செவிலியர். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் இன்னும் சுறுசுறுப்பாக, மகிழ்ச்சியாக இருந்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் மாடியில் 15 சதவிகிதம் பேரும் மற்றதில் 30 சதவிகிதம் பேரும் இறந்திருந்தார்கள். மொத்தம் நூறு பேர்கூட இல்லாத சின்ன ஆய்வு, ஆகவே அந்தச் சாவுக் கணக்கை வைத்துக்கொண்டு செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாவது மாடிக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட அந்த அன்பான வாக்கியத்தைக் கவனியுங்கள். எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நம் எல்லாருடைய இல்லங்களும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அதைத்தான்.

என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு ஓர் இல்லத்தில் ஒரு பாட்டி, ஞாபகமறதி நோய் உள்ளவர், போர்வையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே இருப்பார். நூல் நூலாக உருவிக் குவிப்பார். தடுத்தால் அடிப்பார். என்னைக் கேட்டார்கள். நான் அமைதிப்படுத்தும் மருந்து எழுதினேன். பாட்டி அமைதியானார். இரண்டு வாரம் கழித்து விழுந்தார், அந்த மருந்தினால்தான். மருந்தை நிறுத்தினேன். மறுபடியும் நூல் உருவத் தொடங்கியபோது, அங்கே துணி மடிக்கிற பெண் ஒருத்தி, "பாட்டி தையக்காரம்மா டாக்டர், அவங்க பொண்ணு சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டே ஓரம் கிழிந்த தலையணை உறைகளைக் கொண்டுவந்து போட்டாள். ஊசி குத்திக்கொள்வாரே என்று நான் தயங்கினேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அந்த இல்லத்தின் உறைகள் எல்லாம் அதன்பிறகு அந்தப் பாட்டியின் கையால்தான் ஓரம் அடிக்கப்பட்டன. தையல் கோணலாகத்தான் இருக்கும், யாரும் பிரிக்கவில்லை. அவர் பொண்ணு சொன்ன அந்த ஒரு தகவல், துணி மடிக்கிறவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் கேட்கவில்லை.

உங்கள் அம்மா புரூஃப் பார்த்தவர் என்று அந்த இல்லத்தில் யாருக்குத் தெரியும்? ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அறையில் ஒட்டுங்கள். பெயர், என்ன வேலை செய்தார், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், எத்தனை மணிக்கு எழுந்து பழக்கம், எந்தப் பேச்சை எடுத்தால் முகம் மலரும், எதைத் தொட்டால் கோபம் வரும். நோயின் பெயர்களை அதில் எழுதாதீர்கள், அவை ஃபைலில் இருக்கின்றன. ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் காட்டிச் சம்மதம் கேளுங்கள். தன்னைப் பற்றி நாலு பேர் படிப்பது அவருக்குப் பிடிக்காமலும் போகலாம்.

பிறகு மேலாளரிடம் ஒரு வேலை கேளுங்கள். எந்த இல்லத்திலும் அறிவிப்புப் பலகை இருக்கும். வாரத்தின் நிகழ்ச்சி நிரல், சாப்பாட்டுப் பட்டியல், பார்வையாளர் நேரம். அவற்றில் பிழை இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஒட்டுவதற்கு முன் அதை அம்மாவிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பொழுதுபோக்குக்காகக் கொடுப்பதாக இருக்கக் கூடாது. அவர் திருத்தியதைத்தான் ஒட்ட வேண்டும். திருத்தாததை ஒட்டினால் அவர் முதல் வாரமே கண்டுபிடித்துவிடுவார், அதோடு வேலை முடிந்தது. பெரியவர்களைக் குழந்தைகளைப்போல வண்ணம் தீட்ட வைத்துக் கைதட்டுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பிடித்துச் செய்கிறவர்களைத் தடுக்கமாட்டேன், ஆனால் உங்கள் அம்மா அதற்கு "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வருகிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் கேட்கிற இரண்டு கேள்வியும் செவிலியர் கேட்கிற கேள்விகள். அவற்றை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். நீங்கள் மகள். உங்களுக்கு அம்மாவிடம் கேட்க வேறு இருக்கிறது. அலுவலகத்தில் எழுத வேண்டிய ஒரு கடிதத்தைக் கொண்டுபோய் "இது சரியா வருதா பாரும்மா" என்று கொடுங்கள். உங்களுக்கு நிஜமாகவே குழப்பமாக இருக்கிற ஒரு விஷயத்தில் யோசனை கேளுங்கள். கவலைப்படுவாரே என்று எல்லாக் கஷ்டத்தையும் அவரிடம் மறைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்; நல்ல பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் கவலைப்படுவதும் தாயின் உரிமைகளில் ஒன்று. இல்லத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் "நல்லா இருக்கா" என்று கேட்காமல், "இங்க உனக்கு யாரைப் பிடிக்கும், யாரைக் கண்டா ஆகாது?" என்று கேட்டுப் பாருங்கள். யாரையாவது திட்டத் தொடங்கினால் சந்தோஷப்படுங்கள்.

நாளும் நேரமும் அம்மாவே சொல்லட்டும். ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற ஆய்வாளர் 1976இல் ஒரு முதியோர் இல்லத்தில் கல்லூரி மாணவர்களைப் பார்வையாளர்களாக அனுப்பிப் பார்த்தார். சிலருக்கு எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று அவர்களே சொல்லலாம். சிலருக்கு வருகிற நேரம் முன்கூட்டியே தெரிவிக்கப்படும். சிலரிடம் மாணவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். முதல் இரண்டு கூட்டமும் நன்றாக இருந்தன; சொல்லாமல் வந்தவர்களால் அவ்வளவு பயன் இல்லை. வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பதற்கும் ஒரு நாள் நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. ஆனால் அந்த ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்றபின், நன்றாக இருந்த அந்த இரண்டு கூட்டமும்தான் பின்னாட்களில் அதிகம் தளர்ந்தன. அதனால் உங்களால் கடைசிவரை காப்பாற்ற முடிகிற அளவுக்கே வாக்குக் கொடுங்கள். வாரம் மூன்று நாள் என்று ஆரம்பித்து ஒரு மாதத்தில் ஒன்றாகக் குறைவதைவிட, ஞாயிறு ஒரு மணி நேரமும் புதன்கிழமை இரவு பத்து நிமிட ஃபோனும் தவறாமல் இருப்பது மேல்.

இல்லத்தில் வேலை செய்கிறவர்களை எதிராளிகளாக நினைத்துவிடாதீர்கள். ஒரு புடவையை ஓர் உதவியாளர் கட்டிவிட்டால் மூன்று நிமிடம். அம்மாவே கட்ட, அவள் பிடித்துக்கொண்டு நின்றால் பதினைந்து நிமிடம். அவளுக்கு இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் செய்துவிடுவதும், செய்துவிடச் செய்துவிட அம்மாவுக்குக் கை மறந்துபோவதும் இப்படித்தான் நடக்கிறது. ஆகவே இருபது கோரிக்கை வைக்காதீர்கள். முதல் மாதத்துக்கு மூன்று: காலையில் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, சாப்பாட்டு மேசைக்கு நடந்துபோவது, தலை வாரிக்கொள்வதையோ புடவை எடுப்பதையோ அம்மாவுக்கே விடுவது. தினமும் அம்மாவைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற அந்தப் பெண்ணின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தவரை அவளையே அம்மாவுக்குத் தொடர்ந்து போடச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு புது முகம் வந்து குளிப்பாட்டுவது யாருக்குத்தான் பொறுக்கும்? அவளிடம் நன்றி சொல்லும்போது எதற்கு என்று குறிப்பாகச் சொல்லுங்கள், மேலாளர் காதில் விழும்படியும் ஒரு தரம் சொல்லுங்கள்.

நடக்கவிட்டால் விழுந்தால் யார் பொறுப்பு என்று இல்லத்தார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அம்மாவிடம், உங்கள் முன்னிலையில், மருத்துவரும் மேலாளரும் உட்கார்ந்து பேச வேண்டும். விழக்கூடும் என்று அம்மாவுக்கே சொல்லி, அவர் நடக்கத்தான் வேண்டும் என்றால் அதை எழுதி அவரும் நீங்களும் கையெழுத்துப் போட்டுக்கொடுங்கள். வழுக்காத செருப்பு, ராத்திரி விளக்கு, வாக்கரின் உயரம், கட்டிலின் உயரம் இவற்றைச் சரிசெய்த பிறகு மீதி ஆபத்து வாழ்க்கையின் பங்கு. 82 வயதில் தன் காலில் நடப்பதற்கு எவ்வளவு துணிவது என்று முடிவு செய்ய அவரைவிடத் தகுதியானவர் அந்த அறையில் யாரும் இல்லை.

வேறு இல்லத்துக்கு மாற்றலாமா என்றீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உடனே வேண்டாம். புது இடத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதிலிருந்து எல்லாம் மறுபடி பழக வேண்டும், பழகிய ஒன்றிரண்டு முகமும் போய்விடும். மூன்று மாதம் முயன்று பாருங்கள். ஆனால் சில விஷயங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. படுக்கைப் புண் வந்து உங்களுக்குச் சொல்லாமல் இருந்தால். ஒரே மாதத்தில் உடம்பு எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஐம்பது கிலோ இருப்பவருக்கு இரண்டரைக் கிலோ, காரணம் தெரியாமல் குறைந்தால். நாற்காலியில் கட்டிவைத்தால். காரணம் சொல்லமுடியாத கன்றல் காயங்கள் இருந்தால். யாராவது ஒருவர் அறைக்குள் வரும்போது அம்மாவின் உடம்பு சுருங்கினால். எப்போது போனாலும் தூக்கக் கலக்கத்திலேயே இருந்தால். உங்களைத் தனியாக அவரோடு பேசவிடாமல் யாராவது கூடவே நின்றால். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் மாற்றிவிடுங்கள்.

வேலையை விட்டு வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா என்ற கேள்விக்குக் கீழே வேறொரு கேள்வி இருக்கிறது, நான் அம்மாவைத் தள்ளிவிட்டேனா என்று. இல்லை. பகலெல்லாம் தனியாக, எழமுடியாமல், மறுபடி விழுந்தால் தூக்க ஆளில்லாமல் கிடப்பதை நீங்கள் தவிர்த்தீர்கள். வேலையை விடுவது உங்கள் வருமானம், உங்கள் உடம்பு, உங்கள் பின்னாட்கள் எல்லாம் சேர்ந்த முடிவு, குற்றவுணர்ச்சியில் ஓர் இரவில் எடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்தும் ஜன்னல் ஓரத்தில் எதற்கும் தேவைப்படாமல் உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பேரை நான் வீடு தேடிப்போய்ப் பார்த்துவருகிறேன். மாதம் ஓரிரு நாள் வீட்டுக்குக் கூட்டி வந்து பாருங்கள். அப்போது அவர் என்ன செய்கிறார், எதை எடுத்துத் துடைக்கிறார், எங்கே உட்காருகிறார் என்று பார்த்தால் உங்களுக்கே ஒரு வழி தெரியும்.

இவ்வளவையும் எழுதியபின் திரும்பிப் படித்தபோது எனக்கு உறைத்தது. நீங்களும் நானும் ஒரு பெண்மணியின் கண், காது, கழிப்பறை, வீடு வரைக்கும் அவரை வைத்துக்கொள்ளாமலே பேசி முடித்துவிட்டோம். இந்த மூன்று கேள்வியையும் நீங்கள் இன்னும் அம்மாவிடம் கேட்கவில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. கேளுங்கள். முதல் தடவை "உன் இஷ்டம்" என்பார். இரண்டாம் தடவையும் அதையே சொல்வார். ஒன்பது மாதம் கேட்காத ஒன்றை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சொல்லிவிட மாட்டார்.

கண் பரிசோதனை முடிந்து புதுக் கண்ணாடி வந்ததும், இந்தப் பதிலைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து ஒரு சிவப்புப் பேனாவோடு அவரிடம் கொடுங்கள். அவரைப் பற்றி நான் எழுதியதில் தப்பு எது, எழுத்தில் பிழை எது, இரண்டையும் வட்டம் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.